முட்டை குடிக்கும் நீர்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றின்மேல் ஏறியவர்கள், பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட சமணச் சிற்பங்களைப் பார்த்திருப்பார்கள். அவை ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. அச்சிற்பங்களில் ஒன்று பார்சுவநாதருடையது. அவர் தலைக்குமேல் நாகம் ஒன்று படம் விரித்துக் குடை பிடிக்கிறது.

பாம்பின் படத்தையும் வளைவையும் இவ்வளவு நுட்பமாகக் கல்லில் வடித்த காலத்தில், அந்தப் பாம்பு இடும் முட்டையைப் பற்றி மனிதர் என்ன அறிந்திருந்தனர்? மண்ணுக்குள் இடுகிறது, வெப்பத்தில் பொரிகிறது என்பதற்குமேல் அதிகம் தெரியாது. அந்த முட்டை மண்ணிலிருந்து நீர் குடிக்கிறது என்பதும், எவ்வளவு விசையுடன் குடிக்கிறது என்பதும் தெளிவாகி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன.

இது வெறும் ஏட்டறிவு அன்று. முதலைப் பண்ணைகளிலும், கடல் ஆமைப் பொரிப்பகங்களிலும், பல நாடுகளில் செல்லப் பிராணி வளர்ப்போரின் வீடுகளிலும் ஊர்வனவற்றின் முட்டைகள் மனிதர் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. நீர் குறைந்தால் முட்டை சுருங்கிக் கரு மடியும். நீர் மிகுந்தால் மூச்சுத் திணறி மடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை மனிதர் கண்டுபிடித்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இருவகை முட்டைகள்

முதலில் உங்கள் வீட்டைச் சுற்றியே பாருங்கள். மழை பெய்து மண் நனைந்தபின், பெண் ஓணான் தோட்டத்தில் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும். அந்த முட்டையின் ஓடு தோல்போல மென்மையானது. நாளடைவில் முட்டை நீரை உறிஞ்சிப் பருக்கும். பாம்புகளின் முட்டைகளும் கடல் ஆமைகளின் முட்டைகளும் இவ்வகைத் தோல் முட்டைகளே.

சுவர்ப் பல்லியோ தன் முட்டைகளை உலர்ந்த சுவரின் இடுக்கில் வைக்கிறது. இடும்போது மெத்தென்றிருக்கும் ஓடு, காற்றுப் பட்டதும் சுண்ணாம்பாக இறுகிவிடுகிறது. தனக்கு வேண்டிய நீரைத் தாயிடமிருந்தே பெற்று வந்து, அதைக் கட்டிக் காக்கும் முட்டை இது. முதலை, நட்சத்திர ஆமை ஆகியவற்றின் முட்டைகளும் கடின ஓடு உடையவை.

ஆகவே ஊர்வனவற்றின் முட்டைக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் ஒரே விடை கிடையாது. எந்த விலங்கின் முட்டை என்று கேட்டபிறகே விடை சொல்ல இயலும்.

வெப்பம் முந்திக்கொண்டது

1830களில் லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுப் பயணி ஒரு வியப்பான செய்தியை அறிவித்தார். வங்காளத்தில் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, கோழியைப்போல் அடைகாக்கிறது என்பது அச்செய்தி. பாரிஸ் அறிவியல் கழகத்தார் அதை நம்பவில்லை. குளிர்ந்த உடல் கொண்ட பாம்பு எவ்வாறு வெப்பம் தரும் என்பது அவர்கள் கேள்வி.

1841ஆம் ஆண்டில் பாரிஸ் உயிரியல் பூங்காவிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலென்சியன் என்னும் விலங்கியலார் அதன் சுருள்களுக்கிடையே வெப்பமானியை வைத்து அளந்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பின் சுருளுக்குள் வெப்பம் மிகுந்திருந்தது. பயணியின் கூற்று மெய்யாயிற்று. 1966ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹட்சிசனும் அவருடைய தோழர்களும், காற்றின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது தாய்ப் பாம்பின் தசைகள் விட்டுவிட்டுத் துடிக்கின்றன என்றும், அதனால் அதன் உடல் வெப்பம் ஏறுகிறது என்றும் காட்டினர்.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. வெப்பத்தை அளக்க 1841இலேயே நல்ல கருவி இருந்தது. ஆகவே விஞ்ஞானிகள் வெப்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். மண்ணின் ஈரம் முட்டையின்மீது செலுத்தும் விசையை அளக்கும் வழி அன்று இல்லை. ஆகவே அந்தக் கேள்வி எழவே இல்லை. கையில் எந்தக் கருவி உள்ளதோ அதற்கேற்ற கேள்விதான் பல சமயங்களில் நமக்குத் தோன்றுகிறது.

பூட்டிய பெட்டியா, திறந்த பெட்டியா?

1931ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோசப் நீடாம், கருவளர்ச்சியின் வேதியியலைப் பற்றி மூன்று தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பறவையின் முட்டையை அவர் பூட்டிய பெட்டிக்கு ஒப்பிட்டார். உணவும் நீரும் உள்ளேயே இருக்கின்றன. வெளியிலிருந்து ஆக்சிஜனும் வெப்பமும் வந்தால் போதும். அப்படியானால் ஊர்வனவற்றின் முட்டை?

1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்ட் கன்னிங்ஹாமும் ஹர்விட்சும், அடைகாக்கும் காலத்தில் ஊர்வனவற்றின் முட்டைகள் நீரை உறிஞ்சுவதைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். முட்டையின் எடை நாளுக்கு நாள் கூடியது. அதற்குள்ளே புதிதாகச் சேர்ந்த எடை சுற்றுப்புறத்து நீரே. ஆகவே தோல் முட்டை முழுதும் பூட்டிய பெட்டி அன்று. நீருக்கு மட்டும் ஒரு வாயில் திறந்திருக்கிறது.

ஆனால் அந்த வாயிலில் நீர் உள்ளே போகுமா, வெளியே வருமா என்பதை எது முடிவு செய்கிறது? விடை வேளாண்மைக்காக மண்ணை ஆராய்ந்த இயற்பியலாரிடம் இருந்தது.

மண் நீரை இழுத்துப் பிடிக்கும் விசை

ஓர் எளிய கணக்கு. 100 கிராம் உலர்ந்த ஆற்று மணலில் 10 கிராம் நீரைக் கலக்குங்கள். கையில் எடுத்தால் நன்கு நனைந்த மணல். அதே 10 கிராம் நீரை 100 கிராம் உலர்ந்த குளத்துக் களிமண் பொடியில் கலக்குங்கள். அதில் ஒரு செடியை நட்டால் வாடிவிடும். இரண்டிலும் நீரின் அளவு ஒன்றே. வேறுபாடு எங்கே?

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. துகள்களுக்கிடையே உள்ள நுண்புழைகளும் மிகக் குறுகலானவை. குறுகிய புழையில் நீர் மிகுந்த விசையுடன் பிடிக்கப்பட்டிருக்கும் என்பதை நீங்கள் நுண்புழை ஏற்றம் பற்றிய பாடத்தில் படித்திருப்பீர்கள். 1871ஆம் ஆண்டில் கெல்வின் பிரபு எனப் பின்னர் அறியப்பட்ட வில்லியம் தாம்சன், வளைந்த நீர்ப்பரப்பின்மேல் ஆவியழுத்தம் எவ்வளவு மாறும் என்பதற்குச் சமன்பாடு தந்தார். 1907ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய இயற்பியலார் எட்கர் பக்கிங்ஹாம், மண்ணில் நீர் எவ்வளவு உள்ளது என்பதைவிட, மண் அதை எவ்வளவு விசையுடன் பிடித்திருக்கிறது என்பதே நீரின் ஓட்டத்தை முடிவு செய்கிறது என்று காட்டினார். இன்று நாம் நீரியல் திறன் என்று சொல்லும் கருத்துக்கு அது வித்து.

இப்போது முட்டைக்கு வருவோம். முட்டைக்குள் உப்புகளும் புரதங்களும் கரைந்த திரவம் உள்ளது. அதன் செறிவு, மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றும் சலைன் நீரின் செறிவை ஒட்டியது. சவ்வூடு பரவலால் அது நீரை இழுக்கும் விசை ஏறத்தாழ 7 வளிமண்டல அழுத்தம். மண் 7 வளிமண்டலத்துக்குக் குறைவான விசையுடன் நீரைப் பிடித்திருந்தால் முட்டை வெல்லும். நீர் உள்ளே போகும். மண்ணின் பிடி அதைவிட மிகுந்தால் மண் வெல்லும். முட்டை தன் நீரை இழக்கும். முட்டைக்கும் மண்ணுக்கும் இடையே ஓயாது நடக்கும் கயிறிழுப்புப் போட்டி என்று இதைச் சொல்லலாம்.

99 விழுக்காடும் வறட்சியே!

இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. முட்டை வைத்த பெட்டிக்குள் ஈரமானி ஒன்றை வைக்கிறோம். அது 95 விழுக்காடு காட்டுகிறது. நல்ல ஈரம் இருக்கிறது என்று மகிழ்கிறோம். கெல்வினின் சமன்பாடு என்ன சொல்கிறது?

30 டிகிரி செல்சியசில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 100இலிருந்து 1 விழுக்காடு குறைந்தால், அந்தக் காற்று நீரை இழுக்கும் விசை ஏறத்தாழ 14 வளிமண்டல அழுத்தமாகிறது. முட்டையின் விசையோ 7 தான். ஆக, 99 விழுக்காடு ஈரமுள்ள காற்றும் முட்டைக்கு வறண்ட காற்றே! அதில் தொங்கவிட்ட தோல் முட்டை மெல்ல மெல்ல நீரை இழக்கும். 95 விழுக்காடு என்றால் சொல்லவே வேண்டாம்.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. வளரும் கரு சிறிது வெப்பத்தை வெளிவிடுகிறது. 30 டிகிரிக்கு அருகே வெப்பநிலை 1 டிகிரி கூடினால், தெவிட்டிய ஆவியழுத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடும். முட்டை சுற்றியுள்ள காற்றைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், முழுதும் தெவிட்டிய காற்றிலும் அது நீரை இழக்க நேரும்.

அப்படியானால் இயற்கையில் முட்டை எவ்வாறு பிழைக்கிறது? ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான். ஓட்டின் ஒரு பகுதி நனைந்த மண்துகள்களோடு ஒட்டியிருக்கும்போது, ஆவியாக இழப்பதை அது நீராகத் திரும்பப் பெறுகிறது. முட்டை குடிப்பது பெரிதும் மண்ணிலிருந்து, காற்றிலிருந்து அன்று.

பேக்கார்டு தம்பதியரின் சோதனை

மண் இயற்பியலையும் முட்டையையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர்கள், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி பேக்கார்டும் மேரி பேக்கார்டும். பக்கிங்ஹாமின் ஆய்வு வெளிவந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தபின், 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அவர்கள் தொடர்ந்து சோதனைகள் செய்தனர். வெர்மிகுலைட் என்பது சூட்டில் பொரிந்து இலேசான ஒரு கனிமம், தோட்டக்காரர்கள் பயன்படுத்துவது. அதில் அளந்து நீர் கலந்து, சில பெட்டிகளில் அதன் பிடிவிசை 1.5 வளிமண்டலமாகவும், சிலவற்றில் 8.5 வளிமண்டலமாகவும் இருக்கும்படி செய்தனர்.

இவ்விரு பெட்டிகளின் காற்றிலும் ஒப்பு ஈரப்பதம் என்னவாக இருக்கும்? கணக்கிட்டால் முதலதில் 99.9, இரண்டாவதில் 99.4 விழுக்காடு. வேறுபாடு அரை விழுக்காடுதான். கடையில் வாங்கும் ஈரமானியின் பிழையே இரண்டு மூன்று விழுக்காடு இருக்கும். ஆனால் அமெரிக்காவின் கவ்வும் ஆமை, வண்ண ஆமை ஆகியவற்றின் முட்டைகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தன. ஈரப் பெட்டியில் கரு நீண்ட நாள் வளர்ந்து, பெரிய குஞ்சாக வெளிவந்தது. வறண்ட பெட்டியில் விரைவில் பொரிந்தது, குஞ்சு சிறியது, பயன்படாத மஞ்சள்கரு அதன் வயிற்றில் எஞ்சியிருந்தது. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஈரத்தில் பொரிந்த கவ்வும் ஆமைக் குஞ்சுகள் விரைவாக ஓடவும் நீந்தவும் செய்தன என்றும் காட்டப்பட்டது. பகைவர் பலரிடையே பிறக்கும் குஞ்சுக்கு இது உயிர்ப் பிரச்சினை அல்லவா?

கடின ஓடு கொண்ட மென்னோட்டு ஆமை முட்டைகளையும் அவர்கள் சோதித்தனர். அவை மண்ணின் ஈரத்தைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நம் சுவர்ப் பல்லியின் முட்டை சொல்லும் பாடமும் இதுவே.

நம் நாட்டில்

1970களின் தொடக்கத்தில் தமிழகத்தின் சதுப்புநில முதலைகள் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் போன்ற சில நீர்நிலைகளில் மட்டுமே எஞ்சியிருந்தன. தோலுக்காக நடந்த வேட்டையே காரணம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1975ஆம் ஆண்டில் இந்திய அரசு, ஐக்கிய நாடுகளின் உதவியோடு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆற்றங்கரையிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து மீண்டும் ஆற்றில் விடுவது அதன் வழி. 1976ஆம் ஆண்டில் ராமுலஸ் விட்டேக்கரும் அவர் தோழர்களும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினர்.

முதலை முட்டைக்கு ஓடு கடினமானது. ஆகவே அது ஓரளவு வறட்சியைத் தாங்கும். அதற்கு வேறோர் ஆபத்து உண்டு. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகவே கரு மூச்சுவிடுகிறது. அத்துளைகளை நீர் அடைத்துக்கொண்டால்? ஆக்சிஜன் காற்றில் விரவும் வேகத்தைவிட நீரில் விரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. வெள்ளம் புகுந்த கூட்டில் முட்டைகள் மடிவது இதனால்தான். நீர் ஊற்றுபவர் காற்றையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெப்பத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1966ஆம் ஆண்டில் செனகல் நாட்டின் டக்கார் நகரில் மாடலின் சார்னியே என்னும் பெண் விஞ்ஞானி, ஓந்தி இனம் ஒன்றில் முட்டையின் வெப்பநிலையே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது என்று கண்டறிந்தார். வடநெம்மேலிப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோர் சதுப்புநில முதலையில் இதை ஆராய்ந்து 1989ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 28 முதல் 31 டிகிரி வரை நிலையாக வைத்த முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே வந்தன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகளே வந்தன. இடைவெளி ஒன்றரை டிகிரிதான்!

இப்போது எண்ணிப் பாருங்கள். 1 கிராம் நீர் ஆவியாக, 30 டிகிரியில் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கூட்டின்மேல் தாராளமாக நீர் தெளித்தால் மணல் குளிரும். ஈரத்தை மாற்றுபவர் தம்மை அறியாமலே வெப்பத்தையும், அதன் வழியாகக் குஞ்சுகளின் பாலினத்தையும் மாற்றக்கூடும். பெண் முதலைகள் மட்டுமே பிறந்தாலும் ஆண் முதலைகள் மட்டுமே பிறந்தாலும் ஒரு நீர்நிலையின் முதலைக் குலம் நிலைக்காது.

கடற்கரையிலும் இதே இயற்பியல்தான். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமையின் முட்டைகளைக் காக்கும் பணி 1970களில் தொடங்கியது. 1988 முதல் மாணவர்கள் இரவுதோறும் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் புதைத்து வருகின்றனர். தாய் ஆமையைப் போலவே அவர்களும், காய்ந்த மேல்மணலைத் தாண்டி, ஈர மணல் தட்டும் ஆழத்தில் குடம் போன்ற குழி தோண்டுகின்றனர். மேலே கிடக்கும் காய்ந்த மணலே கீழுள்ள ஈரத்துக்கு மூடியாக அமைகிறது.

இனி, தோட்டத்து ஓணானுக்கு வருவோம். தார்வாரிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சைதாபூர், ஷான்பாக், ராடர் ஆகியோர் அதனை நெடுங்காலம் ஆராய்ந்தனர். மழை பெய்து மண் நனையாவிட்டால், பெண் ஓணான் முட்டைகளை இடாமல் வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது. கருவின் வளர்ச்சியும் ஒரு நிலையில் நின்றுவிடுகிறது என்று 1990களில் அவர்கள் கண்டனர். மண்ணின் நீரியல் திறனை அளக்க ஓணானிடம் கருவி இல்லை. ஆனால் ஈரம் வரும்வரை காத்திருக்கும் திறன் அதனிடம் உண்டு.

மீண்டும் மலைப்பாம்பு

1841இல் வெப்பத்துக்காக அளக்கப்பட்ட அந்தச் சுருளுக்கு இன்னொரு பயனும் இருப்பது 2007ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆலிவியே லூர்டே, டேல் டெனார்டோ முதலியோர் ஆஸ்திரேலிய மலைப்பாம்பு ஒன்றின் முட்டைகளை ஆராய்ந்தனர். தாய் இறுகச் சுருண்டிருக்கும்போது முட்டைகள் நீரை இழப்பது வெகுவாகக் குறைந்தது. அதே சமயம் இறுகிய சுருளுக்குள் ஆக்சிஜன் குறைகிறது. ஆகவே தாய் அவ்வப்போது சுருளைத் தளர்த்திக் காற்று விடுகிறது. நீர், காற்று, வெப்பம் மூன்றையும் ஒருசேரக் காக்கும் அடைகாப்புப் பெட்டி அது. அதன் ஒரு பயனிலிருந்து மறு பயனுக்கு வர மனிதருக்கு 166 ஆண்டுகள் ஆயின.

வீட்டில் செய்யலாமா?

இதைப் படித்ததும் நாமும் ஒரு முட்டையைப் பொரிக்கவைத்துப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். நம் நாட்டு நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு ஆகியவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் முட்டைகளை எடுப்பதும் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் நட்சத்திர ஆமை மிகுந்த பாதுகாப்புள்ள முதல் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

முறையாக அனுமதி பெற்று வளர்ப்போர், இவ்வரலாற்றிலிருந்து நான்கு விதிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஈரமானியை மட்டும் நம்பாமல் தராசை நம்புங்கள். பெட்டியை முதல் நாள் எடைபோட்டு, வாரந்தோறும் குறைந்த எடைக்கு ஈடாக நீர் சேருங்கள். இரண்டாவது, முட்டையின்மேல் நேரே ஊற்றாமல், ஓரத்தில், அதே வெப்பநிலையுள்ள நீரை விடுங்கள். மூன்றாவது, காற்றுக்கு வழி விடுங்கள். நான்காவது, முட்டையைப் புரட்டாதீர்கள். கோழி தன் முட்டையைப் புரட்டும். ஊர்வனவற்றின் கருவோ ஓட்டின் உட்புறத்தில் ஒட்டி வளர்வது. இட்டுச் சில மணி நேரம் கழிந்தபின் புரட்டினால் கரு மடியும் என்பதைக் கடல் ஆமைகளில் காலின் லிம்பசும் அவர் தோழர்களும் 1979இல் காட்டினர்.

மற்றவர்களுக்கு ஓர் உருளைக்கிழங்கு போதும். அது நீரை இழுக்கும் விசையும் ஏறத்தாழ முட்டையின் விசையை ஒட்டியதே. ஒரே அளவான மூன்று துண்டுகளை வெட்டி எடைபோடுங்கள். ஒன்றை மேலே சொன்ன ஈர மணலிலும், மற்றொன்றை அதே அளவு நீர் கலந்த களிமண் பொடியிலும் புதையுங்கள்; மூன்றாவதை, அடியில் நனைந்த பஞ்சு வைத்து மூடிய புட்டியில் நூலில் தொங்கவிடுங்கள். மறுநாள் மண்ணைத் துடைத்துவிட்டு மீண்டும் எடைபோடுங்கள். எந்தத் துண்டு குடித்தது, எந்தத் துண்டு இழந்தது? எண்களைக் குறித்துவைத்து, காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். உயிருள்ள எதையும் துன்புறுத்தாமல், கெல்வினும் பக்கிங்ஹாமும் பேக்கார்டு தம்பதியரும் நடந்த பாதையில் நீங்களும் சிறிது தூரம் நடந்தவர்களாவீர்கள்.